முட்டி பின்பக்கம் வளைகிறது, வலி கிடையாது. ஃபுட்பாலை விட வேண்டுமா?

சேலைக்கடை சென்டர்பேக் எழுதியது:

எனக்கு 22 வயது. வீடு சென்னை கொடுங்கையூர். விடிகாலையில் வியாசர்பாடியில் ஃபுட்பால், பத்து மணிக்கு மேல் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பட்டுப் பிரிவு. ராத்திரி கடை சாத்தும்வரை நின்றபடிதான்.

விஷயம் இதுதான். டீமில் ஒரு பெண் நாங்கள் வரிசையாக நிற்பதைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டாள். மற்றவர்கள் கால் எல்லாம் நேராக இருக்கிறது. என் கால் மட்டும் முட்டியில் பின்பக்கமாக உள்வாங்கி நிற்கிறது. நான் வேண்டுமென்று அப்படி நிற்கவில்லை. என்னை "நேரா நில்லு" என்றால் எனக்குத் தெரிந்த நேர் அதுதான். முன்பக்கம் எடுத்த போட்டோவில் இன்னொரு கூத்து: கணுக்கால் இரண்டும் ஒட்டியிருக்கிறது, முட்டிகளுக்கு நடுவில் மூன்று விரல் நுழைகிற இடைவெளி.

கோச் அதைப் பார்த்துவிட்டு, "வில் கால். மூட்டும் லூஸ். ஒரு நாள் ஜவ்வு அறுந்து உட்காரப் போற" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அது எப்படியோ அம்மா காதுக்குப் போய், இப்போது வீட்டில் தினமும் பஞ்சாயத்து. கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று ஆரம்பித்தால் அம்மா நிறுத்துவதில்லை.

வலி கிடையாது, வீக்கம் கிடையாது, அடிபட்டதும் இல்லை. சாயங்காலம் ஆனால் மட்டும் முட்டிக்குப் பின்னால், மடிப்பில், ஒரு இறுக்கம் வரும். வார லீவு அன்று வராது. சின்ன வயதிலிருந்தே கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட வைப்பேன். ஸ்கூலில் இதைக் காட்டிப் பந்தயம் கட்டியே மாங்காய் பத்தை சாப்பிட்டிருக்கிறேன்.

இது நோயா? மூட்டு லூஸாக இருப்பதால்தான் கால் வளைந்ததா? முட்டியில் இழுத்து மாட்டும் துணி உறை, நீ-கேப் என்கிறார்களே, அது போட்டால் சரியாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மணிக்கூண்டு மாமா:

பாப்பா, பயப்படாதே. என் தங்கை பெண்ணும் இப்படித்தான், உடம்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைப்பாள். பரதநாட்டியம் கற்றுக்கொண்டாள், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய், நன்றாக இருக்கிறாள். ராத்திரி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டுப் படு. அதிலும் சரியாகவில்லை என்றால் நல்ல இடமாகப் பார்த்து ஒரு புத்தூர் கட்டு போட்டுவிடலாம்.


தண்டையார்பேட்டை பிசியோ:

மாமா, எண்ணெய் தேய்ப்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அடியே படாத முட்டிக்குக் கட்டு எதற்கு? கட்டிப் போட்டால் தொடைச் சதை இளைக்கும். இந்தப் பெண்ணுக்கு இப்போது அந்தச் சதைதான் முக்கியம்.

தங்கச்சி, நீ எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. "வார லீவு அன்று வராது." இதைக் கோச்சும் கவனித்திருக்க மாட்டார், அம்மாவும் கவனித்திருக்க மாட்டார். உன் முட்டியைத் தொந்தரவு செய்வது ஃபுட்பாலா, கடையா என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மூட்டு நெகிழ்வு. இதை அளக்க பெய்ட்டன் மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. 1973 முதல் புழக்கத்தில் இருக்கிறது, மொத்தம் 9 மதிப்பெண், வீட்டிலேயே பார்க்கலாம். ஆடிவிட்டு வந்த சூட்டில் பார்க்காதே, சும்மா இருக்கும் நேரத்தில் பார். உள்ளங்கையை மேஜையில் வைத்து, மறு கையால் சுண்டுவிரலை மேலே தூக்கு. 90 டிகிரியைத் தாண்டினால் கைக்கு ஒன்று. கட்டைவிரல் முன்கையைத் தொட்டால் கைக்கு ஒன்று, உன் மாங்காய் பத்தை வித்தைதான் அது. முழங்கை 10 டிகிரிக்கு மேல் பின்பக்கம் போனால் கைக்கு ஒன்று. முட்டியும் அதே மாதிரி, 10 டிகிரிக்கு மேல் போனால் காலுக்கு ஒன்று. கடைசியாக, முட்டியை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கையும் தரையில் முழுதாகப் பதிந்தால் ஒன்று.

பருவ வயதிலிருந்து 50 வரை உள்ளவர்களுக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் உடம்பு முழுக்க நெகிழ்வு உண்டு என்று 2017-இல் வெளியான வரையறை சொல்கிறது. பல ஆய்வுகளில் 4 வந்தாலே சேர்த்துவிடுவார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும், வயது ஏற ஏறக் குறையும், ஐரோப்பியர்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் அதிகம். நாங்கள் படிக்கும்போது வகுப்பிலேயே ஒருவரை ஒருவர் அளந்து பழகுவோம். பெண்கள் பெஞ்சில் ஐந்து, ஆறு எடுக்கிறவர்கள் எல்லா பேட்ச்சிலும் இருப்பார்கள். எல்லோரும் ஆரோக்கியமாக, கேன்டீன் சமோசா சாப்பிட்டுக்கொண்டு திரிந்தவர்கள்தான். மதிப்பெண் அதிகம் என்பது நோய் இல்லை. நெகிழ்வோடு நாள்பட்ட வலி, மூட்டு அடிக்கடி நழுவுவது என்றெல்லாம் சேர்ந்தால்தான் மருத்துவம் அதற்குத் தனிப் பெயர் வைக்கிறது.

அடுத்து, லூஸ் மூட்டால்தான் கால் வளைந்ததா என்று கேட்டாய். இதில் ஒரு சின்னச் சூழ்ச்சி இருக்கிறது. அந்த 9-இல் 2 மதிப்பெண் முட்டிக்கே போகிறது. முட்டி பின்னால் போகிறவளுக்கு மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அப்புறம் "மதிப்பெண் அதிகம் உள்ளவர்களுக்கு முட்டி பின்னால் போகிறது" என்று கண்டுபிடிப்பதில் என்ன பெருமை? இடுப்புக்கும் கணுக்காலுக்கும் தோளுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. விரலும் முழங்கையும் நெகிழ்ந்து ஆறு மதிப்பெண் எடுத்து, முட்டி கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும் ஆட்களும் உண்டு. முட்டி இரண்டு மட்டும் பின்னால் போய், மற்ற மூட்டெல்லாம் இறுக்கமாக உள்ளவர்களும் உண்டு. அதனால் மொத்த மதிப்பெண்ணை வைத்து உன் காலின் வடிவத்தைச் சொல்ல முடியாது. காலைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முட்டி பின்னால் போகாமல் நிறுத்த அங்கே எலும்பு ஒன்றும் குறுக்கே இல்லை. பின்பக்க உறை, ஜவ்வுகள், பின் தொடையிலிருந்து வரும் தசைநாண்கள், இவைதான் பிடித்து நிறுத்துகின்றன. உனக்கு அந்த ஜவ்வு கொஞ்சம் தாராளமாக இருக்கிறது. நீ களைப்பாக நிற்கும்போது தொடைச் சதை வேலையை விட்டுவிட்டு முட்டியைப் பூட்டிவிடுகிறது. ஸ்டாப்பர் இல்லாத கதவு சுவரில் போய் மோதி நிற்கிற மாதிரி, உன் எடை முழுக்க அந்தப் பின்பக்க ஜவ்வில் போய்ச் சாய்கிறது. மைதானத்தில் அப்படி நிற்க நேரம் இருக்காது. பட்டு கவுன்ட்டரில் மணிக்கணக்காக நிற்கிறாய். சாயங்கால இறுக்கம் அங்கிருந்து வருகிறது.

இப்போது வில் கால். எல்லா வில்லும் எலும்பில் இருப்பதில்லை. கண்ணாடி முன் நின்று உன் முட்டிச் சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தால், தொடை எலும்பு உள்பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். தொடை உள்ளே திரும்பி, முட்டியும் பின்னால் பூட்டிக்கொண்டு, பாதம் உள்பக்கம் சரிந்தால், எலும்பு நேராக உள்ளவருக்கும் முன்னாலிருந்து பார்க்க வில் கால் போலத் தெரியும். சோதனை சுலபம். முட்டியைப் பூட்டிலிருந்து கொஞ்சம் விடு. மடக்க வேண்டாம், விட்டால் போதும். பாதத்தை நகர்த்தாமல் பிட்டச் சதையை இறுக்கி முட்டிச் சில்லை நேர் முன்னால் பார்க்க வை. இப்போது நடுவில் எத்தனை விரல் நுழைகிறது? இடைவெளி குறைந்தால் அது பெரும்பாலும் நிற்கும் பழக்கம். அப்படியே இருந்தால் எலும்பின் அமைப்பு, அதற்கு நின்றபடி எடுத்த எக்ஸ்ரே வேண்டும்.

எலும்பின் அமைப்பு என்றாலும் பதற வேண்டாம். பிறந்த குழந்தைக்கு வில் கால்தான். இரண்டு வயது வாக்கில் நேராகி, மூன்று நான்கு வயதில் முட்டி இரண்டும் இடிக்கும், ஏழு வயதுக்குள் பெரியவர்கள் அளவுக்கு வந்து நிற்கும். பெரியவர்களுக்கும் தொடையும் கீழ்க்காலும் ஒரே கோட்டில் இருப்பதில்லை, ஐந்து ஆறு டிகிரி வெளிப்பக்கச் சாய்வு சாதாரணம். சில பேர் முட்டிச் சில்லின் கோணத்தை அளந்து, பெண்ணுக்கு 17 டிகிரி தாண்டிவிட்டது என்று பயமுறுத்துவார்கள். அதே கால், படுத்து அளந்தால் ஒன்று, நின்று அளந்தால் ஒன்று, தொடையை இறுக்கி அளந்தால் இன்னொன்று. முட்டி முழுக்க நீளும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு கொஞ்சம் வெளியே திரும்பும், அதிலும் கோணம் மாறும். எந்த நிலையில் அளந்தார்கள் என்று தெரியாத கோணத்துக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

பக்கவாட்டுக் கோணத்தை நீயே அளக்கலாம். இடுப்புக்குக் கீழே தொடையின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு, முழங்காலின் வெளிப்பக்க நடு, கணுக்கால் வெளி எலும்பு, மூன்றிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டு. கேமராவை முட்டி உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்துப் போட்டோ எடுத்து, கோடு போட்டுப் பாகைமானியை வை. நின்றபடி கையில் பிடித்து எடுத்த போட்டோ எல்லாம் பொய் சொல்லும். குரூப்பில் வந்த போட்டோவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அளந்துவிட்டு எழுது.


புளியந்தோப்பு லெஃப்ட் விங்:

சிஸ்டர், கோச் சொன்ன விதம் தப்பு, ஆனால் ஜவ்வு விஷயத்தைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். எனக்கு முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவை ஜவ்வு (ஏ.சி.எல்.) அறுந்துபோனது. யாரும் இடிக்கவில்லை, ஹெட்டர் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினேன், முட்டி உள்ளே மடங்கியது, "டப்" என்று ஒரு சத்தம். முதலில் போன கிளினிக்கில் சுளுக்கு என்று ஸ்ப்ரே அடித்து அனுப்பிவிட்டார்கள். வீக்கம் இறங்கியதும் ஆடினேன், மறுபடி மடங்கியது. அப்புறம்தான் ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம். என் மூட்டு லூஸ் இல்லை, கட்டைவிரல் பாதி தூரம்கூடப் போகாது. இறுக்கமான ஆளுக்கும் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தபோது ஃபிஃபா 11+ என்ற வார்ம் அப் சொல்லிக் கொடுத்தார்கள். இருபது நிமிடம்தான். ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்குவது, பின் தொடைப் பயிற்சி எல்லாம் வரும். நம்ம ஏரியாவில் கிரவுண்டுக்கு வந்ததும் இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு நேராக மேட்ச்தான். மழை பெய்து காய்ந்த மண்ணில் குழி வேறு. உங்களைப் போல பேக்ஸில், தடுப்பு வரிசையில், ஆடுகிறவர்கள் எகிறி இறங்குவது அதிகம், நீங்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.


சேலைக்கடை சென்டர்பேக்:

அக்கா, அளந்துவிட்டேன். தங்கச்சி பொட்டு ஒட்டினாள், ஒரு பாக்கெட் காலி.

கட்டைவிரல் இரண்டும் தொடுகிறது. சுண்டுவிரல் இடது கை மட்டும். வலது கை விரல் ஒரு தடவை கோல்கீப்பர் இல்லாத நாளில் போஸ்ட்டில் நின்று பந்து பட்டதிலிருந்தே இறுக்கம். முழங்கை இரண்டும் நேர், அதற்கு மதிப்பெண் இல்லை. முட்டி வலது 12, இடது 14. உள்ளங்கை தரையில் பதிகிறது. மொத்தம் 6.

முட்டிச் சில்லு இரண்டும் ஒன்றை ஒன்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறது! பூட்டை விட்டு, நேராகத் திருப்பினால் மூன்று விரல் இடைவெளி ஒரு விரலாகிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்படியே நில்லேன்டி எப்பவும்" என்கிறார். நிற்கலாம், ஆனால் முட்டியை மடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கிறது. போட்டோ எடுத்துப் பார்த்தால் நேராக இருக்கிறது.

கடையில் உட்கார ஸ்டூல் கிடையாது. கஸ்டமர் இல்லாவிட்டாலும் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். செருப்பும் கூடாது. பின்பக்கம் இறுகும்போது நான் குனிந்து காலைத் தொட்டு ஸ்ட்ரெச் பண்ணுவேன், கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கும். அது சரிதானே?


மணிக்கூண்டு மாமா:

ஸ்டூல் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், கடைகளில் கணக்கு எழுதியே தலை நரைத்த ஆள். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. வேலை நேரம் முழுக்க நின்றபடி இருக்கக் கூடாது, வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களை நினைத்துத்தான் அந்தப் பேச்சே எழுந்தது. நீ ஒருத்தி போய்க் கேட்டால் உன்னை மட்டும் குறி வைப்பார்கள். பட்டுப் பிரிவில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் கேளுங்கள். முதலாளிக்குச் சட்டம் தெரியும், யாரும் கேட்கவில்லை என்பதால் சும்மா இருப்பார்.

புத்தூர் கட்டு பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. எலும்பு முறிந்தவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.


தண்டையார்பேட்டை பிசியோ:

மாமா, ஸ்டூலுக்கு நன்றி. மற்றதற்கு நேரில் பேசிக்கொள்ளலாம்.

தங்கச்சி, 6 என்றால் உடம்பு முழுக்க நெகிழ்வு உண்டு. 12, 14 என்றால் முட்டி பின்னால் போவதும் உண்மை. இடைவெளி ஒரு விரலாகக் குறைந்ததால் வில் கால் என்பதில் பெரும்பங்கு நிற்கும் விதம். நோய் என்று சொல்ல இதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஸ்ட்ரெச்சை இன்றோடு நிறுத்து. இறுகுகிற இடத்தை இழுக்கத்தான் கை போகும், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் உன் பின் தொடை குட்டையாக இல்லை, உள்ளங்கையே தரையில் பதிகிறதே. ஜவ்வு பிடிக்க வேண்டியதை அந்தச் சதை சேர்த்துப் பிடித்து அலுத்துப்போயிருக்கிறது. அதை இன்னும் நீட்டினால் இருக்கிற பிடியும் போகும். உனக்கு வேண்டியது வலு.

பின் தொடை, பிட்டம், கெண்டை மூன்றுக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை கொடு. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, முதலில் இரண்டு காலில், பழகியதும் ஒற்றைக் காலில். ஸ்குவாட் போட்டு எழும்போது கடைசியில் முட்டியை "டக்" என்று பூட்டாதே, உனக்கு முழு எழுச்சி என்பது பூட்டுக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிறது. ஒற்றைக் காலில் நின்று பல் தேய். அப்போதும் முட்டி பூட்டக் கூடாது, சில்லு முன்னால் பார்க்க வேண்டும். மடக்கி நிற்கிற மாதிரி இருக்கிறது என்றாயே, அது எதிர்பார்த்ததுதான். நெகிழ்ந்த மூட்டுக்காரர்களுக்கு மூட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்ற உணர்வு மங்கலாக இருப்பதுண்டு. கண்ணாடி, போட்டோ, தங்கச்சியின் கண், எதை வைத்தாவது பழக்கு.

நீ-கேப் உன் முட்டியைப் பின்னால் போகாமல் தடுக்காது. துணி அவ்வளவு பிடிக்காது. தோலில் ஒரு தொடு உணர்வு கொடுக்கும், அதனால் சிலருக்குத் தைரியம் வரும். போட்டுக்கொள்ள ஆசையாக இருந்தால் போட்டுக்கொள்.

லெஃப்ட் விங் தம்பி சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஃபுட்பாலில் பெண்களுக்கு முன் சிலுவை ஜவ்வு போவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். முட்டி பின்னால் போகிறவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆனால் நீ ஆட்டத்தை விட்டால் கடை மட்டும் மிஞ்சும், கால் இன்னும் தளரும். ஆடு, இருபது நிமிடம் முன்னதாக வந்து வார்ம் அப் பண்ணிவிட்டு ஆடு. கோச்சையும் இதில் இழுத்துவிடு, எல்லோர் முன்னாலும் பேசத் தெரிந்தவருக்கு எல்லோருக்கும் சேர்த்து வார்ம் அப் நடத்தவும் தெரியட்டும்.

முட்டிச் சில்லு நழுவியது, முட்டி மாட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை, திடீரென்று வீங்கியது, படி இறங்கும்போது கால் விட்டுக்கொடுக்கிறது, இதில் எது நடந்தாலும் பிசியோவிடம் வராதே, நேராக எலும்பு டாக்டரிடம் போ. ஸ்டான்லி ஆஸ்பத்திரி உனக்குப் பக்கம்தான். வீட்டில் யாராவது ரொம்ப உயரமாக, ஒல்லியாக, கண் லென்ஸ் நகர்ந்தோ இதயத்தில் கோளாறோ இருந்தவர்கள் உண்டா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள். தோல் அசாதாரணமாக இழுபடுகிறதா, காயத் தழும்பு அகலமாகப் பரவுகிறதா என்றும் பார். இருந்தால் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை மறந்துவிடு.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அந்த 12-உம் 14-உம் குறையும் என்று நான் சொல்லவில்லை. ஜவ்வின் நீளம் பயிற்சியில் மாறாது. நீ எங்கே நிறுத்துகிறாய் என்பது மாறும்.


சேலைக்கடை சென்டர்பேக்:

நன்றி அக்கா. அம்மாவிடம் கேட்டேன், எங்கள் குடும்பத்தில் உயரமானவர் என்று யாருமே கிடையாது, அந்தக் கவலை தீர்ந்தது. பெரியம்மா மட்டும் விரலைப் பின்னால் மடக்குவாராம்.

லெஃப்ட் விங் அண்ணா சொன்ன வார்ம் அப்பைத் தேடிப் பார்த்தேன். பின் தொடைக்கு மண்டியிட்டு முன்னால் சரிகிற பயிற்சி இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். வீட்டில் செய்யலாமா? தங்கச்சி 35 கிலோதான், நான் சரிந்தால் அவளும் சேர்ந்து பறப்பாள். பீரோவுக்கு அடியில் குதிகாலை மாட்டினால் போதுமா?


தண்டையார்பேட்டை பிசியோ:

பீரோவே வேண்டாம், தலையில் சாயும். மரக் கட்டிலின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் குதிகாலை மாட்டு, கட்டிலில் அம்மாவை உட்காரச் சொல். முட்டிக்குக் கீழே தலையணை வை. முதலில் கால்வாசி தூரம் சரிந்தால் போதும், மீதிக்குக் கையை ஊன்றிக்கொள். மறுநாள் பின் தொடை பிடித்துக்கொள்ளும். அதற்கும் குனிந்து ஸ்ட்ரெச் பண்ணாதே.